பட்டியலில் அத்தை இல்லை

பதினோராவது அறிவிப்பை ஒட்டச் சுவரில் இடம் இல்லை. நாற்காலி மேல் ஏறி நின்று, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, ஒட்டுநாடாவைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தாள் அவள். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கக்கூடாது என்று சொல்கிற நான்காவது அறிவிப்பு அவள் மூக்குக்கு நேராகத்தான் இருந்தது. முதல் அறிவிப்பு, இவற்றையெல்லாம் பணியாளர்கள் வழக்கமாகக் கூடும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்றது. ஏழாவது, பணியாளர்கள் எந்த இடத்திலும் கூடலாகாது என்றது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில்தான் ஒட்டியிருந்தாள். எழுதியவர்கள் எப்போதாவது இந்த வழியாக வந்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்தச் சலவை ஆலை மருத்துவமனைகளின் விரிப்புகளையும் உறைகளையும் பச்சை அங்கிகளையும் துவைத்துக் காயவைத்து மடித்து அனுப்புகிற இடம். ஊரே கதவைச் சாத்திக்கொண்ட நாட்களில்கூட அது ஒரு நாளும் மூடப்படவில்லை. அவள் அங்கே பணியாளர் நிர்வாகி. போன வருடம் வரை அந்தப் பதவிக்கு வருகைப் பதிவேட்டைப் பார்ப்பது, சீருடை அளவு எடுத்துக் கொடுப்பது, யாருக்கும் யாருக்கும் சண்டை என்றால் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு இருவரிடமும் ‘உன் மேல் தப்பில்லை’ என்று சொல்லி அனுப்புவது என்பதுதான் அர்த்தம். இப்போது மாநில அரசு திங்கட்கிழமை ஓர் ஆணை போட்டது. மாநகராட்சி புதன்கிழமை வேறோர் ஆணை போட்டது. வெள்ளிக்கிழமை மாநில அரசு திங்கட்கிழமை ஆணைக்கு ஒரு விளக்கம் கொடுத்தது. விளக்கம் ஆணையைவிட நீளமாக இருந்தது. தனிமைப்படுத்தல் பதினான்கு நாளா பத்து நாளா என்று கேட்டால், காய்ச்சல்காரர் எந்தத் தேதியில் இருமத் தொடங்கினார் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஆலையில் எல்லோரும் அவளைப் பதவிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நோட்டீஸ் அக்கா என்றால்தான் தெரியும்.

பழைய நாட்காட்டியைக் கழற்றிவிட்டு அந்த ஆணியடியில் பதினொன்றை ஒட்டி முடித்தபோது கைபேசி அடித்தது.

“அக்கா, மடிப்பு பேசறேன்.”

மடிப்புப் பிரிவில் எட்டுப் பேர் இருந்தாலும் மடிப்பு என்றால் இந்த ஒருத்திதான். ஒரு விரிப்பை இரண்டு முனையில் பிடித்து உதறினால் அது தானாகவே நாலாக விழும். ஐந்து நாளாக வேலைக்கு வரவில்லை. வீட்டில் ஒருவருக்குத் தொற்று, பராமரிப்பு விடுப்பு வேண்டும் என்று ஃபாரம் கொடுத்தனுப்பியிருந்தாள்.

“ஃபாரம் திரும்பி வந்துடுச்சுக்கா. பட்டியலில் இல்லைனு எழுதியிருக்கு. உங்க கையெழுத்துதான்.”

“ஆமா. நீ உறவுமுறைங்கற எடத்துல அத்தைனு எழுதியிருக்க. அத்தை பட்டியல்ல இல்லம்மா.”

“அத்தை இல்லாம என்னக்கா பட்டியல் அது?”

“நானா போட்டேன்? புருஷன், பொண்டாட்டி, புள்ளைங்க, பெத்தவங்க, கூடப் பொறந்தவங்க, கட்டினவரோட பெத்தவங்க. அவ்ளோதான். அப்பா கூடப் பொறந்தவங்களை எல்லாம் சேர்க்கல.”

“எங்க அப்பாவுக்குக் கூடப் பொறந்தவங்களே இல்லக்கா. ஒத்தைப் புள்ளை அவரு.”

“அப்ப இது எந்த அத்தை?”

“அத்தைதான்கா. என் மாமியாரு.”

அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். எரிச்சல் முதலில் மடிப்பின் மேல் வந்தது. மாமியார் என்று எழுதித் தொலைத்திருந்தால் அன்றைக்கே முத்திரை குத்தி அனுப்பியிருப்பாள். அடுத்த நொடி அது திரும்பித் தன் மேலேயே விழுந்தது. தன் மாமியாரை அவர் இறக்கும்வரை பத்தொன்பது வருடம் அவளும் அத்தை என்றுதான் கூப்பிட்டாள். உலகத்தில் எந்த மருமகளாவது மாமியாரை மாமியாரே என்று கூப்பிடுவாளா? காய்ச்சலில் கிடக்கிறவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே ஃபாரம் நிரப்புகிறவள் என்ன வார்த்தை எழுதுவாள்? இது தெரியாமல் போகுமளவுக்கு எட்டு மாதம் ஆணை படித்து ஆணை படித்துக் காது மரத்துப்போயிருந்தது.

“சரி, சரி. இதை முன்னாடியே சொல்லக்கூடாதா? கட்டினவரோட அம்மா. பட்டியல்ல இருக்காங்க. புது ஃபாரம் நானே நிரப்பிக்கறேன். உன் வீட்டுக்காரர் பேரைச் சொல்லு.”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

“அவரு போயிட்டாருக்கா.”

“ஐயையோ. எப்ப?”

“மூணு வருஷமாச்சு.”

“யாருமே சொல்லலையே. உடம்புக்கு என்ன பண்ணுச்சு?”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பாலத்துக்கு அந்தாண்டை ஒருத்தியோட குடித்தனம் பண்றாரு. கோர்ட்டுல தீர்ப்பாகி ரெண்டு வருஷம் ஆகுது.”

அவள் கோப்பைத் திறந்து வெள்ளிக்கிழமை வந்த விளக்கத்தைப் புரட்டினாள். மூன்றாம் பத்தியில் தெளிவாக இருந்தது. கணவன் இறந்துவிட்டாலும் அவருடைய பெற்றோர் குடும்ப உறுப்பினரே. மணமுறிவு பெற்றிருந்தால் அல்ல.

“செத்துப் போயிருந்தா மூணாவது பத்தியில வந்துருப்பாங்க,” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

“அது என் கையில இல்லக்கா,” என்றாள் மடிப்பு. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்தபின் மடிப்பின் குரல் இறங்கிவிட்டது. “அவங்க மகன் வீட்டுக்குப் போகமாட்டேன்னு என்கூட நின்னுட்டாங்கக்கா. நான் வேலைக்கு வர்றேன்னா அந்த வீட்டுல அவங்களுக்குத் தண்ணி எடுத்துக் குடுக்க ஒரு ஆள் கிடையாது. எந்திரிச்சு நிக்கவே சுவரைப் பிடிக்கறாங்க. ஆஸ்பத்திரியில எடமில்லைனு திருப்பி அனுப்பிட்டாங்க. நம்ம மடிச்சு அனுப்பற விரிப்புக் கணக்குக்கு அங்க ஒரு கட்டிலாவது காலியா இருக்கும்னு நெனச்சேன்.”

இன்று ஐந்தாவது நாள். ஒப்புதல் இல்லாமல் ஐந்து நாள் வராதவர் தானாகவே வேலையை விட்டவராகக் கருதப்படுவார் என்பது எட்டாவது அறிவிப்பு. மாலை ஐந்து மணிக்கு இணையதளத்தில் அன்றைய கணக்கு மூடும். அதற்குள் விடுப்பு ஏறாவிட்டால் நாளைக் காலை மடிப்பின் பெயருக்கு எதிரே ‘விலகினார்’ என்று அந்தத் தளமே எழுதிக்கொள்ளும். ஆள் அனுப்பும் முகவர் இரண்டு நாளாக முதலாளியைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், ஐந்து பேர் தயாராக இருக்கிறார்களாம். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால்.

மாநில ஆணை கைவிட்டால் மாநகராட்சி ஆணை இருக்கிறது. அதில் பட்டியலே கிடையாது. பணியாளருடன் ஒரே வீட்டில் வசிக்கும் எவருக்காகவும் விடுப்பு எடுக்கலாம் என்று ஒரே வரி. அதை எழுதியவரை நேரில் பார்த்தால் கும்பிடலாம் என்று முன்பே நினைத்திருக்கிறாள். உறுதிப்படுத்திக்கொள்ள உதவி எண்ணுக்கு அடித்தாள். இருபத்திரண்டு நிமிடம் ஒரே புல்லாங்குழல். நடுநடுவே ஒரு பெண்குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்றது. முக்கியமாக இல்லாதவர்களை எவ்வளவு நேரம் காக்க வைப்பார்களோ. ஒருவழியாக ஓர் ஆண்குரல் வந்தது. பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அவரும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறார்.

“தாராளமா குடுக்கலாம் மேடம். ஒரே வீடுன்னா போதும். உறவு எல்லாம் நாங்க கேக்கறதில்ல. அந்தப் பணியாளர் வேலை செய்யற எடம் எதுன்னு மட்டும் சொல்லுங்க.”

“சலவை ஆலைதான். ஓடைக்கரை ரோடு.”

“அது தெரியுது. ஆலைக்குள்ள எங்க? மடிக்கிறவங்கன்னு சொன்னீங்க. மடிக்கிற மேஜை எங்க இருக்கு?”

“பின்னாடி தகரக் கொட்டகையில.”

விசைப்பலகை தட்டும் சத்தம். குழந்தை ஒரு நிமிடம் ஓய்ந்து மறுபடி தொடங்கியது.

“மேடம், வரைபடத்துல பாக்கறேன். உங்க ஆலையைக் குறுக்கால ஒரு ஓடை போகுது. அதுக்கு இந்தப் பக்கம்தான் மாநகராட்சி. கொட்டகை அந்தப் பக்கம், ஊராட்சி எல்லை. அங்க எங்க ஆணை செல்லாது. மாநில ஆணை மட்டும்தான்.”

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஓடையை ஓடை என்பதே மரியாதை. ஆலையின் சோப்புத் தண்ணீர் போகிற மூன்றடிச் சாக்கடை. மேலே ஒரு சிமெண்ட் பலகை. பதினைந்து வருடமாக ஒரு நாளைக்கு முப்பது தடவை அதைத் தாண்டியிருக்கிறாள், எல்லை என்று ஒருநாளும் தோன்றியதில்லை. மடிப்பு மேஜைகள் நான்கு மாதம் முன்புவரை இந்தப் பக்கம், பிரதானக் கூடத்தில்தான் இருந்தன. ஆளுக்கு ஆறடி இடைவெளி வேண்டும் என்று மாநில ஆணை வந்ததும் தூசி படிந்து கிடந்த கொட்டகையைத் துப்புரவாக்கி, மேஜைகளை அங்கே மாற்றிப் போடத் திட்டம் வரைந்தவள் அவள். ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்த வரைபடத்தைப் பார்த்து, மற்ற ஆலைகளுக்கும் காட்டவேண்டும் என்று படம் எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் சொல்லவும் செய்தாள். எட்டுப் பெண்களைக் கையைப் பிடித்து ஒரு சட்டத்திலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு போய் விட்டிருக்கிறாள்.

“ஹலோ, மேடம்? இருக்கீங்களா?”

“இருக்கேன். அவங்க இப்ப வீட்டுல இருக்காங்க. கொட்டகையிலயும் இல்ல, கூடத்துலயும் இல்ல. அப்ப எந்த எடத்தைக் கணக்கு வைப்பீங்க?”

“விண்ணப்பம் ஏத்தற நேரத்துல அவங்களுக்கு ஒதுக்கின எடம் எதுவோ அது. கடைசியில ஒரு உறுதிமொழி வரும் பாருங்க, மேற்கண்ட விவரங்கள் இந்த நேரத்தில் உண்மைனு. அதுல டிக் பண்ணணும்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “நான் சொன்னேன்னு இல்ல. மேஜை எங்க இருக்கோ ஆள் அங்க.”

முதலாளி கணக்கு அறைக்கு வெளியே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. ஆலை நடந்த எட்டு மாதமும் ஒருவரையும் நிறுத்தவில்லை. ஆனால் காலையிலிருந்து மூன்று மருத்துவமனைகள் விரிப்பு தாமதம் என்று கத்தியிருந்தன, அவர் யார் மேலாவது அதை இறக்கிவைக்கக் காத்திருந்தார். அவள் முழுக்கதையையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

“பிரிஞ்சு போன புருஷனோட அம்மாவுக்கு லீவு.”

“ஆமா சார்.”

“நாளைக்கு எதுத்த வீட்டுக்காரனுக்குச் சளி புடிச்சா அதுக்கும் குடுக்கணும்.”

“ஒரே வீட்டுல இருந்தா குடுக்கணும் சார்.”

“நான் சட்டத்துக்கு எதிரா எதையும் கேக்கலயேம்மா. நீதான் ரூல் ரூல்னு என் உசுர வாங்குற. ரூல் இப்ப என்ன சொல்லுது? பட்டியல்ல இல்ல. விட்டுட்டுப் போ. மேஜைய மறுபடி கூடத்துல போட்டா ஆறடி இடிக்கும். நீதானே அளந்த?”

“கூடத்துல இல்ல சார். ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கற என் ரூம்ல போடறேன். தனி ரூம். ஆறடி என்ன, அறுபது அடிக்கு ஆள் கிடையாது.”

“அப்ப நீ?”

“நான் கொட்டகைக்குப் போயிடறேன்.”

முதலாளி குவளையைச் சன்னல் விளிம்பில் வைத்தார். “நிர்வாகி கொட்டகையில உக்காந்தா பாக்கறவன் என்ன சொல்லுவான்? இதெல்லாம் நடக்காது.”

அவளுக்கு எட்டு மாதத்தில் முதல்முறையாக ஓர் ஆணை இனித்தது. “சார், ரெண்டாவது அறிவிப்பு. ஒவ்வொரு ஆலையிலயும் ஒரு இடைவெளிப் பொறுப்பாளர். யார் எங்க உக்காரணும்னு அவர் வரையறதுதான் முடிவு, உரிமையாளர் குறுக்க வரக்கூடாது. பொறுப்பாளரா என் பேரைப் போட்டு நீங்கதான் கையெழுத்து போட்டிருக்கீங்க.”

“படிச்சா போட்டேன்? நீ நீட்டுன, போட்டேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சார் போடறாங்க.”

அவருக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் ஒரு களைப்பு வந்தது. “சரி, சட்டம்தானே. எனக்கொண்ணு சொல்லு. மேஜையோட ஆளும் போகும்னா, அந்தப் பக்கம் போனப்புறம் உனக்கு ஒண்ணுன்னா எந்த ஆணை? உங்க வீட்டுல ஒரு பெரியவர் இருக்காருல்ல?”

அவள் அதை அதுவரை யோசிக்கவில்லை. பெரியப்பா. அப்பாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஒன்பது வருடமாக இவள் வீட்டு முன்னறையில் செய்தித்தாளும் கையுமாக இருப்பவர். எழுபத்தாறு வயது, பாதி நுரையீரல். மாநிலப் பட்டியலை மனதுக்குள் மேலிருந்து கீழாக ஓட்டினாள். மனப்பாடமாக இருந்ததால் கடைசிவரை போக ஒரு மூச்சுகூட ஆகவில்லை.

“அது வந்தா பாத்துக்கலாம் சார்,” என்றாள். சொன்ன வேகம் அவளுக்கே பிடிக்கவில்லை.

“நான் கையெழுத்து போடமாட்டேன். தடுக்கவும் மாட்டேன். உருட்டிக்கிட்டு எங்கயாவது போ.” குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மணி மூன்று ஐம்பது. ஈரத்துணிப் பிரிவிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டாள். ஒருவர் தடித்தவர், பெயர் என்னவோ இருக்க எல்லோருக்கும் டிரம். இன்னொருவர் மெலிந்தவர், மூக்கு எப்போதும் ஒழுகுவதால் குழாய். மருத்துவரிடம் காட்டி, இது பிறந்ததிலிருந்தே ஒழுகுவது, தொற்று அல்ல என்று சான்றிதழ் வாங்கிச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

“ரெண்டு பேரும் ஆறடி தள்ளித் தூக்கணுமாக்கா?” என்றார் டிரம். “மேஜையே அஞ்சடிதான்.”

“வாயை மூடிக்கிட்டுத் தூக்குண்ணே.”

“மூடித்தான் இருக்கு, டபுள் மாஸ்க்கு.”

முதலில் அவளுடைய மேஜையை வெளியே எடுத்தார்கள். அதைப் பலகைக்கு முன்னால் முற்றத்தில் நிறுத்திவிட்டு, கொட்டகையிலிருந்து மடிப்பின் மேஜையைத் தூக்கி வந்தார்கள். அது நிர்வாகி அறை வாசலில் சிக்கிக்கொண்டது. நேராகவும் நுழையவில்லை, சாய்த்தும் நுழையவில்லை. குழாய், கதவைக் கழற்றலாமா என்றார். டிரம், சுவரைக் கழற்றலாமே என்றார். அவள் அதன் மேல்பலகையைத் தொட்டுப் பார்த்தாள். வருடக்கணக்காகத் துணி உரசி உரசி, கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. விளிம்பில் ஓரிடத்தில் மட்டும், வலதுகை வந்து நிற்கும் இடத்தில், மரம் லேசாகக் குழிந்திருந்தது. திருகாணி கழற்றுகிற கருவியைத் தேடிக் கொண்டுவர எட்டு நிமிடம். கால்களைக் கழற்றி, பலகையை உள்ளே செருகி, மறுபடி கால்களை மாட்ட அரைமணி நேரம். மாட்டி முடித்தபோது அறையில் மேஜையைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. கதவையும் இனி சாத்த முடியாது.

மணி நான்கு நாற்பத்தொன்று. சுவரில் புதிய இருக்கை வரைபடத்தை ஒட்டினாள், பன்னிரண்டாவது அறிவிப்பாக. அதில் மடிப்பு என்று எழுதிய கட்டம் ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்தது. இப்போது அது உண்மை. பொய் எழுதினால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். வரைபடத்தில் ஒரு கோட்டை மட்டும் மாற்றிப் போட்டிருக்கலாம், வந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஆனால் எட்டு மாதமாக மற்றவர்கள் எழுதிய பொருந்தாத வாக்கியங்களுக்குத் தன் கையெழுத்தைக் கொடுத்துக் கொடுத்துச் சலித்திருந்தாள். ஒரு வாக்கியமாவது தரையில் நான்கு காலையும் ஊன்றி நிற்கட்டும்.

கணினியின் கம்பி கழற்றப்பட்டுக் கிடந்தது. கைபேசியில்தான் ஏற்றவேண்டும். அறைக்குள் எப்போதும்போல் சமிக்ஞை இல்லை. வெளியே வந்தாள். முற்றத்தில் ஒரு கோடு, ஓடைப் பலகை மேல் ஏறினால் இரண்டு கோடு. பலகையின் நடுவில் நின்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். பணியாளர் எண். பணியிடம். உடன் வசிப்பவரின் பெயர். அந்தப் பெயர் மடிப்புக்குத் திருப்பி அனுப்பிய ஃபாரத்தின் நகலில் இருந்தது, அதுவரை அதை அவள் வாசித்திருக்கவே இல்லை. வாசித்தாள். நீளமான, அழகான, பழைய காலத்துப் பெயர். உறவுமுறை என்ற கட்டமே இந்த மாநகராட்சி விண்ணப்பத்தில் இல்லை.

மேற்கண்ட விவரங்கள் இந்த நேரத்தில் உண்மை. சதுரத்தைத் தொட்டாள். டிக் விழுந்தது. ‘சமர்ப்பி’யை அழுத்தினாள். ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

சுற்றிக்கொண்டே இருந்தது. நான்கு ஐம்பத்து நான்கு. கீழே சோப்பு நுரை கொத்துக் கொத்தாக நகர்ந்து போனது. மடிப்பிடமிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. எடுத்தால் வட்டம் நின்றுவிடுமோ என்று எடுக்கவில்லை. தூறல் விழ ஆரம்பித்தது. திரையின் மேல் ஒரு துளி விழுந்து வட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டியது. துடைத்தால் எதையாவது அழுத்திவிடும் என்று அதையும் துடைக்கவில்லை. கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

பின்னால் டிரம்மும் குழாயும் அவளுடைய மேஜையைத் தூக்கிக்கொண்டு வந்து, அவள் வழிவிடாமல் நிற்பதைப் பார்த்துப் பலகையின் முனையிலேயே நின்றார்கள். மேஜையின் முன்கால்கள் இரண்டும் சாக்கடைக்கு மேல் அந்தரத்தில் இருந்தன. மேல் இழுவறை தானாகத் திறந்துகொண்டு, அதற்குள் இருந்த காகிதங்களில் மழை பொட்டு வைத்துக்கொண்டிருந்தது.

“அக்கா, நனையுது,” என்றார் டிரம். “எந்தப் பக்கம் வைக்க?”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இன்னொரு கையை மட்டும் பின்னால் நீட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல் விரித்துக் காட்டினாள்.